அண்ணனின் கயிறும் சரசுவின் மூன்றடியும்

கொட்டகலை ஸ்டேஷனில் நான் இறங்கியபோது மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அண்ணன் குடையோடு வந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் குடை இல்லை. சுருட்டிய கயிறு ஒன்று இருந்தது.

நீல நைலோன் கயிறு. அடிக்கு ஒரு மை அடையாளம். ஐந்தடிக்கு ஒரு சிவப்புத் துணி. துணியைப் பார்த்ததுமே அது அண்ணியின் பழைய சேலைக் கரை என்று தெரிந்துவிட்டது.

அண்ணன் என் பையை வாங்கிக்கொண்டு கயிற்றை என்னிடம் கொடுத்தார். நலம் விசாரிக்கவில்லை. அவர் ஓட்டுகிற ஓட்டோவின் பின் சீட்டில் நான் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துப் படுதாவையும் இறக்கிவிட்ட பிறகுதான் பேசினார்.

"செல்வி, அந்தக் கயித்தை நல்லா பார்த்துக்க. நாளைக்கு ஊர் முன்னாடி அளக்கப் போறது நீதான்."

என் மடியில் கயிறு ஈரமாக இருந்தது. அதில் மண்ணெண்ணெய் வாசமும் நனைந்த ஆட்டின் வாசமும் சேர்ந்து அடித்தன. ஓட்டோ கடைவீதியைத் தாண்டி, தோட்டத்துச் சாலையில் ஏறியது.

என் வாழ்க்கையைச் சொல்லும் இந்த வாரத் தொடரை வரிசை தவறாமல் எழுதி வருகிறேன். சென்ற வாரம் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்த முதல் கல்வித் தவணையோடு நிறுத்தியிருந்தேன். முறைப்படி இந்த வாரம் இரண்டாம் தவணை வரவேண்டும். ஆனால் கணிதம் படித்தவள் ஏன் கணிதத்தின் வரலாற்றுக்குப் போனாய் என்று வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கான பதிலின் முற்பாதி நூலகத்தில் இருக்கிறது. பிற்பாதி அண்ணனின் கயிற்றில் இருக்கிறது. ஆகவே வரிசையைக் கொஞ்சம் கலைக்கிறேன்.

பதினாறரை அடி

நான் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றது வளைந்த பரப்புகள் பற்றி. வெளிநாட்டில், குளிர்காலத்தில் பிற்பகலிலேயே இருட்டிவிடும் ஒரு நகரத்தில், ஒரு பரப்பு எவ்வளவு வளையலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். தேயிலை மலையில் பிறந்தவளுக்குப் பொருத்தமான பாடம்தான் என்று என் வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் மலையை நினைத்துச் சொன்னார். நான் எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னாலிருந்த வழுக்குப் பாதையை நினைத்துக்கொள்வேன்.

ஊர் திரும்பி, கண்டிப் பக்கத்தில் பல்கலைக்கழக வேலையில் சேர்ந்தேன். ஐந்தாறு வருடம் ஒழுங்காகப் போயிற்று. முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் அலகுகளை மாற்றும் கணக்கு ஒன்று கொடுத்திருந்தேன். பேர்ச் என்ற பழைய அளவுகோலின் நீளம் பதினாறரை அடி, அதன் வர்க்கம்தான் நாம் காணி அளக்கும் பேர்ச் என்று கரும்பலகையில் எழுதினேன். பின் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, பதினாறு இல்லாமல், பதினேழும் இல்லாமல் ஏன் பதினாறரை என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்க்கப் போனேன். அதற்கு ஒரே பதில் கிடையாது என்று தெரிவதற்குள் ஒரு தவணை முடிந்துவிட்டது. ஏர் மாட்டை ஓட்டும் கோல் என்கிறார்கள் ஒரு சாரார். வேறு விளக்கங்களும் உண்டு. எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்களில் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு அளவுக்குப் பின்னாலும் ஒருவர் நின்றுகொண்டிருக்கிறார். அவர் கையில் ஒரு கோலோ சங்கிலியோ இருக்கிறது. அவர் யாருக்காக அளக்கிறார் என்பது கணக்குக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதற்குப் பிறகு வளைந்த பரப்புகளுக்கு நான் முழு மனதோடு திரும்பவில்லை.

துறையில் இதை யாரும் விரும்பவில்லை. பதவி உயர்வுக்கான நேர்முகத்தில் மூத்தவர் ஒருவர் என் கட்டுரைகளைப் புரட்டிவிட்டு, இதில் தேற்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் இதைக் கணிதம் என்று எப்படிச் சொல்வது என்றார். சொல்லவில்லை, வரலாறு என்றுதான் சொல்கிறேன் என்றேன். அந்தத் தடவை உயர்வு கிடைக்கவில்லை. அடுத்த தடவை கிடைத்தது. அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

வீட்டில் வேறு மாதிரி. என் அண்ணி புஷ்பம் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது, யுனிவர்சிட்டியில் பாடம் சொன்ன நேரம் போக மற்ற நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டார். அளவுகள் எங்கேயிருந்து வந்தன என்று தேடுகிறேன் என்றேன். அண்ணி பானையில் அரிசி போட்டபடியே கேட்டார்.

"இத்தனை வருசமா தேடியும் கெடைக்கலையா?"

அந்த மூத்தவரின் கேள்வியை விட இது கடினமாக இருந்தது.

அம்மன் முன்னால் எடுத்த சீட்டு

ஓட்டோவில் போகும்போதே அண்ணன் தங்கராஜ் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். அவர் பேசும்போது கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். வளைவுகளில் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் தோட்டத்தில் லயத்துக் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்ட நிலம் பிரித்திருந்தார்கள். வீட்டுக்கு ஏழு பேர்ச். பாதி நிலம், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பழைய பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில், பிள்ளைகள் பந்து விளையாடுகிற சமதரை. மற்றப் பாதி அதற்கு மேலே, தேயிலையைப் பிடுங்கிய சரிவு. யாருக்கு எது என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக மாரியம்மன் கோயிலில் வைத்துச் சீட்டு எடுத்தார்கள். ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்ததாம்.

அண்ணனுக்குச் சமதரை விழுந்தது. அண்ணி அங்கேயே அம்மனுக்கு விழுந்து கும்பிட்டிருக்கிறார். அண்ணனுடைய காணிக்கு நேர் மேலே, சரிவில், சரசுவுக்கு விழுந்தது. சரசு என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பாயில் உட்கார்ந்து படித்தவள். அவளும் கொழுந்து எடுக்கிறாள். புருசன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. அன்று எல்லாரும் சரசுவுக்காகத்தான் வருத்தப்பட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, கோழிக்கூடு எங்கே வைக்கலாம் என்று பார்க்க அண்ணன் கயிறு பிடித்திருக்கிறார். எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் நீளம் ஐம்பதடி. சரி என்று விட்டிருக்கலாம். மேலே சரசுவின் காணியில் அவள் புருசன் விடுமுறைக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். உங்களுடையதையும் பார்ப்போமே என்று அதே கயிற்றை அங்கேயும் போட்டார்கள். ஐம்பத்து மூன்றடி. அகலம் இரண்டுக்கும் ஒன்று.

பிறகு ஒவ்வொன்றாக அளந்தார்கள். சரிவில் இருந்த எல்லாக் காணியும் நீளம். சமதரையில் இருந்த எல்லாக் காணியும் குட்டை.

அளந்துவிட்டுப் போன அதிகாரியிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர் பொறுமையாகத்தான் சிங்களத்தில் விளக்கியிருக்கிறார். வரைபடம் மேலேயிருந்து பார்ப்பது போல வரைவது என்று அவர் சொன்னதை அண்ணன் நன்றாகவே விளங்கிக்கொண்டார். ஆனால் நம்பவில்லை. சமதரைக் குடும்பங்கள் அண்ணன் பின்னால் நின்றன. மூன்றடி வராமல் எல்லையை ஒப்புக்கொள்ள மாட்டோம் என்றார்கள். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாக் குடும்பமும் ஒப்புக்கொள்ளாவிட்டால் கட்டட வேலை வேறு தோட்டத்துக்குப் போய்விடும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். நான் வந்து இறங்கிய அன்று புதன்.

மூன்றடிக்கு இவ்வளவா என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, அண்ணன், நான் நான்கு பேரும் படுத்தோம். என் தலைமாட்டுக்கும் அடுப்புக்கும் இடையில் இருந்தது அந்த மூன்றடிதான். முதல் தடவையாகக் கைக்கு வரும் நிலத்தில் ஒரு வாசல் அகலம் குறைகிறது என்றால் நானும் தூங்கியிருக்க மாட்டேன்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். தங்கச்சி கணக்குப் புரொபசர், அதுவும் அளவு எப்படி வந்துச்சுன்னு புத்தகம் எழுதினவ. அவ வந்து சொல்றதுதான் கடைசி. அதுக்கு மேல நான் பேசமாட்டேன்னு கோயில்ல வெச்சு சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

சரிவு, சமதரை என்ற இரண்டு சொல்லும் காதில் விழுந்தபோதே எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஓட்டோவின் படுதாவில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் கயிற்றின் அடையாளங்களை விரலால் எண்ணிக்கொண்டு வந்தேன். அண்ணன் அதைப் பார்த்து, நான் கணக்குப் போடத் தொடங்கிவிட்டதாகச் சந்தோஷப்பட்டார்.

கான் வெட்டுகிற கயிறு

வீட்டுக்குப் போனதும் அண்ணி ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தார். சாப்பிட்டு முடித்து, என் பையிலிருந்த இரும்பு நாடாவை எடுத்துக் கயிற்றைச் சரிபார்த்தேன். கயிறு மிகச் சரியாக இருந்தது. நைலோன் நீளும் என்று அண்ணன் முதலில் இழுத்துவிட்டு, பிறகு மை வைத்திருக்கிறார். இது எத்தனையோ பட்டதாரிகளுக்குத் தோன்றாத ஒழுங்கு. கயிறு தப்பாக இருந்திருந்தால் எனக்கு வேலை எளிதாகப் போயிருக்கும்.

தேத்தண்ணி குடிக்கும்போது மெதுவாகத் தொடங்கினேன். அந்த அதிகாரி சொன்னது என்று வாயெடுத்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். இங்கே ஒன்றும் சொல்லாதே, வீட்டுக்குள் வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரும், அங்கே எல்லார் முன்னாலும் சொல் என்றார். நியாயமான மனிதர். நான் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அண்ணி மட்டும் என் முகத்தை இரண்டு தடவை பார்த்தார்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு ஓர் இதழில் அவருடைய கடைசிக் காலத்தை எழுதினேன். இது வேறு. அப்பா கான் வெட்டுகிறவர். மழைத் தண்ணீர் தேயிலை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கச் சரிவில் வெட்டும் வாய்க்காலுக்குத்தான் எங்கள் பக்கத்தில் கான் என்று பெயர். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நீளம் என்று கணக்கு. மாலையில் கங்காணி கயிறு போட்டு அளப்பார்.

அப்பா அந்த நேரத்தில் கானுக்குள் இறங்கி நிற்பார். கங்காணி கயிற்றை விறைப்பாக இழுத்தால் அது மேட்டுக்கு மேடு தொங்கி, பள்ளத்தைத் தொடாமல் போய்விடும். வெட்டிய நீளம் குறைந்துவிடும். அதனால் அப்பா குதிகாலால் கயிற்றைப் பள்ளத்துக்குள் அழுத்துவார். கயிறு தரையோடு படுக்க வேண்டும், அப்போதுதான் செய்த வேலை தெரியும் என்பார். நானும் அண்ணனும் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். சில நாள் அண்ணன் இறங்கிப் போய் இன்னொரு இடத்தில் அவரும் மிதித்துக்கொள்வார். கயிற்றைத் தூக்குகிறவன் ஏமாற்றுகிறவன் என்பது எங்கள் வீட்டில் யாரும் பாடம் சொல்லித் தெரிந்துகொண்டதல்ல.

அன்று பழைய காம்பராவில் படுத்திருந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மலையில் நிலம் அளக்கும் முறை வேறு. அந்தக் காலத்தில் சரிவில் சங்கிலி பிடித்தவர்கள் அதைத் தரையில் போடவில்லை. மட்டமாகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து குண்டு தொங்கவிட்டு, படிப்படியாக இறங்கினார்கள். இப்போது கருவி வந்துவிட்டது. கணக்கு அதேதான். இதை நான் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். வேலையை எப்படி அளந்தார்கள் என்று இன்னோர் அத்தியாயத்திலும் எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் அறுபது எழுபது பக்கம் இருக்கும்.

அந்த இரண்டு அத்தியாயங்களும் அன்றுதான் பக்கத்தில் வந்தன. எங்கள் ஆட்களின் வேலை தரையோடு அளக்கப்பட்டது. நிலம் மேலிருந்து அளக்கப்பட்டது. இரண்டும் சரி. ஆனால் எங்கள் ஆட்கள் இதுவரை முதல் அளவை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது அளவைப் பார்க்க வேண்டுமானால் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும்.

தண்ணி மட்டம்

மறுநாள் மழை இல்லை. பனி இறங்கி, கோயில் கோபுரத்தின் மேல்பாதி தெரியவில்லை. கொழுந்து மலைக்குப் போக வேண்டியவர்கள் அரைநாள் சொல்லிவிட்டு நின்றார்கள். சமதரைக்காரர்கள் ஒரு பக்கம், சரிவுக்காரர்கள் ஒரு பக்கம். சரசு தன் மேல் எல்லைக் கல்லை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

என்னைக் கண்டதும், "வாடி புரொபசர். எங்க மூணடிய வெட்டி எடுக்க கண்டியிலருந்து கத்தி கொண்டாந்தியா?" என்றாள்.

சிரித்தவர்கள் சரிவுப் பக்கத்துக்காரர்கள் மட்டும். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் கட்டிக்கொள்ளவில்லை.

கட்டட மேஸ்திரி அந்தோணி பாஸை முதல் நாளே வரச் சொல்லியிருந்தேன். அவரிடம் தூக்குக்குண்டும், மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயும் இருந்தன. குழாய் என்றால் கண்ணாடி போன்ற ரப்பர்க் குழாய். அதில் தண்ணீரை நிரப்பினால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். சரிவோ பள்ளமோ, தண்ணீர் பொய் சொல்லாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

முதலில் அண்ணன் கயிற்றை அண்ணன் சொல்கிறபடியே சரசுவின் காணியில் தரையோடு போட்டேன். நானே குனிந்து பள்ளத்தில் அழுத்தினேன். ஐம்பத்து மூன்றடி. "அண்ணன் அளந்தது சரி. கயிறும் சரி" என்று எல்லாருக்கும் கேட்கிறபடி சொன்னேன். சமதரைப் பக்கத்தில் ஒரு முனகல். அண்ணன் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

பிறகு கயிற்றின் முனையை மேல் கல்லில் கட்டிவிட்டு, அண்ணனைப் பத்தடி கீழே ஒரு கம்போடு நிற்கச் சொன்னேன். குழாயின் ஒரு முனை கல்லில், ஒரு முனை கம்பில். கம்பில் தண்ணீர் நின்ற இடத்துக்குக் கயிற்றை உயர்த்தினேன். அவருடைய மார்புயரத்துக்கு வந்தது. கயிறு தரையை விட்டுக் காற்றில் நின்றது.

அண்ணன் கம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"அப்பா இருந்திருந்தா உன் கையிலருந்து கயித்தைப் புடுங்கியிருப்பாரு" என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டது. அவர்களில் பாதிப் பேர் கான் வெட்டியவர்களின் பிள்ளைகள்.

"அப்பா வெட்டினது கான், அண்ணே. கான் தரையோட போகும். அதைத் தரையோடதான் அளக்கணும்" என்றேன். "வீடு தரையோட போகுமா?"

"அதுக்காக ஆகாசத்துலயா வீடு கட்டப் போறோம்?"

"உங்க வீட்டுல தேத்தண்ணிக் கோப்பைய தரையில வெச்சா நிக்கணுமா, உருளணுமா?"

அவர் கம்பை மண்ணில் அழுத்தி ஊன்றினார்.

"சரசு இந்தச் சரிவுல வீடு கட்டினாலும் அவ வீட்டுத் தரை மட்டமாத்தான் இருக்கணும். சரிவுல படுத்துத் தூங்க முடியாது. மட்டமா நின்னா இந்த நிலம் எவ்வளவு, அதுதான் அவளுக்குக் கெடைக்குது. அதை அளக்க கயித்தைத் தூக்கித்தான் ஆகணும்."

அந்தோணி பாஸ் கயிற்றின் பத்தடி அடையாளத்திலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். குண்டு தொட்ட இடத்தில் நான் ஒரு கல் வைத்தேன். அந்தக் கல்லிலிருந்து அடுத்த பத்தடி. படி இறங்குவது போல. இரண்டாவது பத்தடிக்கு அண்ணன் வாய் பேசாமல் கம்பைப் பிடித்தார். மூன்றாவதில், குழாயில் தண்ணீர் ஆடி நிற்கும் வரை பொறு என்று அந்தோணி பாஸை அதட்டினார். நான்காவதில் குண்டைத் தானே வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது பத்தடியில் குண்டு சரசுவின் கீழ் எல்லைக் கல்லின் தலையில் வந்து தொட்டது. நடுவிலிருந்து ஒரு விரல் விலகியிருந்தது. அவ்வளவுதான்.

அண்ணன் குண்டைக் கையில் எடுக்காமல், அது ஆடி அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கயிற்றைச் சுருட்டினார். முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாக, அப்பா சுருட்டுகிற மாதிரி.

"அம்பதுதான்" என்று சமதரைப் பக்கம் பார்த்துச் சொன்னார். "சரியாத்தான் பிரிச்சிருக்காங்க. நான் சொன்னபடி இதுக்கு மேல பேச்சில்ல."

அவருடைய குரலில் எதுவும் இல்லை. அண்ணி சேலைத் தலைப்பை இறுக்கிச் சொருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். சமதரைக்காரர் ஒருவர், இதைக் கேட்கவா கண்டியிலிருந்து ஆள் கூப்பிட்டோம் என்று முணுமுணுத்தார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நிறுத்திக்கொண்டார்.

அங்கேயே முடிந்திருக்கும். சரசு விடவில்லை. கல்லை விட்டு எழுந்து வந்தாள்.

"அண்ணே, ஒரு வாரமா ஊரெல்லாம் சரசுகிட்ட மூணடி கூட இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க. எங்க வீட்டுக்காரர் போன்ல என்னை ஏசுறாரு. கூட இருக்குன்னா வாங்க, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. இந்த மேட்டை வெட்டி எறக்காம நான் ஒரு கல்லு வைக்க முடியாது. வெட்டுன மண்ணை எங்க கொட்டுறதுன்னு தெரியாம ராவுல எனக்குத் தூக்கம் இல்ல."

அவளுடைய மேல் கல்லுக்கும் கீழ் கல்லுக்கும் உயரத்தில் பதினெட்டடி வித்தியாசம். காலையில் இருந்து எல்லாரும் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான்.

அண்ணன் கீழே, தன் காணியைப் பார்த்தார். இரவு மழையில் அங்கே தண்ணீர் கட்டி நின்றது. சமதரைதான். ஆனால் தாழ்ந்த சமதரை.

மண்

வெள்ளிக்கிழமை எல்லாக் குடும்பமும் எல்லையை ஒப்புக்கொண்டதாக அண்ணி தொலைபேசியில் சொன்னார். அண்ணன் பேச வரவில்லை. வேலையாக இருக்கிறார் என்றார். அதற்கு அடுத்த வாரமும் வேலையாக இருந்தார். ஸ்டேஷனுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டபோதும் அவர் அதிகம் பேசியிருக்கவில்லை. ரயில் வருவதற்கு முன் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். அவ்வளவே.

நான் அந்த நாட்களில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்காக ஒரு புதிய அத்தியாயம் எழுதத் தொடங்கினேன். வேலையின் அளவும் நிலத்தின் அளவும் என்று தலைப்பு வைத்தேன். பிறகு தலைப்பை அடித்துவிட்டேன். அண்ணன் பேசாமல் இருக்கும்போது அதை எழுதுவது சரியாக வரவில்லை. அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேச அழைப்பு வந்தது. அதையும் தள்ளிப்போட்டேன்.

பிறகு ஒரு நாள், தைப்பொங்கலுக்குச் சற்று முன்பு, வீடு பால் காய்ச்ச வா என்று அண்ணனே அழைத்தார். குரல் பழையபடி இருந்தது. வரும்போது இரும்பு நாடாவைக் கொண்டு வராதே என்றார்.

போனேன். சமதரையில் தண்ணீர் நின்ற அடையாளமே இல்லை. அண்ணன் வீட்டுக் காணி முழுவதும் முழங்கால் உயரம் மண் நிரவி, இறுகி, சிவப்பாக இருந்தது. மேலே சரசுவின் சரிவில் மேடு வெட்டி எடுக்கப்பட்டு, ஒரு பலகை போட்ட மாதிரி மட்டமாக அவள் வீடு நின்றது. இரண்டுக்கும் நடுவில் வெட்டுமுகத்துக்குக் கல்லடுக்குச் சுவர். அண்ணனும் அந்தோணி பாஸும் கட்டியது.

அண்ணிதான் நடந்ததைச் சொன்னார். நான் ரயில் ஏறிய மறுநாளே அண்ணன் உரப் பைகளை எடுத்துக்கொண்டு சரசுவின் மேட்டுக்குப் போயிருக்கிறார். அவள் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். எடுத்துக்கொண்டு போகச் சொன்னாயே, அதற்குத்தான் வந்தேன் என்றாராம். முதலில் அவர் மட்டும். பிறகு மற்றச் சமதரைக்காரர்களும். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் வரிசையாக நின்று, மேலே வெட்டிய மண்ணைக் கீழே கைமாற்றி இறக்கினார்கள். சரிவில் இருந்த ஒவ்வொரு மேடும் அதற்குக் கீழே இருந்த ஒவ்வொரு பள்ளத்துக்குள் போயிற்று. அந்த நீலக் கயிறு இப்போது இரண்டு வீட்டுக்கும் நடுவில் கட்டியிருந்தது. அதில் கொழுந்து எடுக்கும்போது சரசு போர்த்துகிற மழைத்துணி காய்ந்தது.

பால் பொங்கியது. வந்தவர்கள் போன பிறகு நாங்கள் முன் அறையில் உட்கார்ந்தோம். சீமெந்துத் தரை இன்னும் ஈர வாசத்தோடு குளிர்ந்திருந்தது. அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தார். அண்ணன் தன் கோப்பையை வாங்கி ஒரு வாய்கூடக் குடிக்காமல், விளிம்பு வரை நிறைந்த அதை அப்படியே தரையில் வைத்தார். தேத்தண்ணி ஆடி அடங்கும் வரை குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மட்டமா இருக்கா, புரொபசர்?"

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் குனிந்து பார்த்தேன். சுற்றிவர விளிம்பில் ஒரே அளவு இடைவெளி.

"இருக்குண்ணே" என்றேன்.

மேலே கல்லடுக்குக்கு அப்பாலிருந்து, துணி எடுத்துக்கொண்டிருந்த சரசுவின் குரல் வந்தது.

"இருக்காம எங்க போகும்? எங்க வீட்டு மண்ணாச்சே."